ரிவியேரா விலைக்கு வந்திருக்கிறது

எஸ்பன்யோலா, நியூ மெக்சிகோ
தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு

அலாஸ்காவில் அல்லல்படும், மீன் செதில் மணக்கும், மகாகனம் பொருந்திய அண்ணன் டெல்ஃபினோ ஆர்ச்சுலெட்டா அவர்களுக்கு,

உன் ஒரே தங்கை லூர்தெஸ் மிகுந்த பணிவோடு எழுதுவது. பணிவு என்பது சும்மா மரியாதைக்கு. நீ போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறாய். மிச்ச விரல்களை அந்த மீன் தொழிற்சாலை இயந்திரம் தின்றுவிட்டதோ என்று அம்மா கவலைப்படுகிறாள். அதனால்தான் தபால். தபாலுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

இங்கே அம்மா நலம். நாய் நலம். பக்கத்து வீட்டுக் கோழி நலமாக இல்லை, காரணம் நம் நாய். அப்பாவின் நலத்தைப் பற்றி உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆகவே எழுதாமல் எழுதப் பார்க்கிறேன். நீயும் கொஞ்சம் நிதானமாகப் படி.

முதலில் வண்டி. உன் கூட்டாளி ரெனால்டோ உனக்குச் சொன்னது உண்மைதான். ரிவியேராவை அப்பா விலைக்குப் போட்டிருக்கிறார். உன்மேல் உள்ள கோபத்தில்தான் விற்கிறார் என்று அவன் சொன்னதும், 'விக்கட்டும், எனக்கென்ன' என்று நீ அம்மாவுக்கு அனுப்பியதும் எனக்குத் தெரியும். அம்மா போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மிளகாய் வதக்கினால் நான் படிக்கத்தான் செய்வேன். அம்மா அதை அப்பாவிடம் காட்டவில்லை.

நம் வீட்டில் இரண்டு கார் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஒன்று ரிவியேரா, இன்னொன்று கோபக்கார். ஆனால் நீ போன பிறகு அந்த இரண்டாவது கார் ஓடுவதே இல்லை, அண்ணா. நான் எவ்வளவோ சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டேன். ஒரு உறுமல்கூட இல்லை. காப்பியில் உப்புப் போட்டேன். குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிக்குள் மாவு வைத்தேன். தலையைத் தட்டிக்கொண்டு பூசைக்குப் போய்விட்டார். எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அதனால்தான் அந்த ஸ்டிக்கர் யோசனை வந்தது.

உனக்குத் தெரியாததா? அந்த வண்டியின் சிவப்பில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தால்கூட வாசலில் இருந்தே கண்டுபிடித்துவிடுகிற மனிதர். அறுபத்தைந்தில் செய்த வண்டிக்கு அறுபத்தைந்தில் பட்ட வெயிலைக்கூடத் துடைத்தெடுக்கிற மனிதர். நீ பழைய எஞ்சினைக் கழற்றிப் புது எஞ்சின் வைத்த அன்று, பள்ளிப் பிள்ளைகளைப் பந்தயத்துக்கு ஏற்றிப் போய்த் திரும்பிய தன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? பழைய எஞ்சின் தரையில் கிடந்ததைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை. பானெட் ஓரத்தில் உன் ஸ்பானர் கீறிய மயிரிழைக் கோட்டைத்தான் பார்த்தார். சண்டையே அங்கிருந்துதான் தொடங்கியது. என் வண்டியோட நெஞ்சைப் பிளந்துட்டான் என்று அவர் சொன்னதும், பழசைக் கட்டிக்கிட்டே இருங்க என்று நீ சொன்னதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் எல்லாம் அதற்குப் பிறகு.

அப்படிப்பட்டவரின் வண்டியில், பின் சக்கரத்துக்கு மேலே, என் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட கழுதை, பல்லை இளிக்கிறது. மஞ்சள் நிறம். ஒட்டிவிட்டு மாடி ஜன்னலில் போய் உட்கார்ந்தேன், வெடி வைத்தவள் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி.

அப்பா வந்தார். துணியை நனைத்தார். எப்போதும் போல முன்னாலிருந்து பின்னாலே துடைத்துக்கொண்டு போனார். கழுதையின் மேலேயும் துடைத்தார். அதன் பல்லைக்கூட நன்றாகத் துலக்கிவிட்டார். வெடிக்கவில்லை. சரி, தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நடிக்கிறார், என்னையே ஏமாற்றப் பார்க்கிறார் என்று எனக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த ஞாயிறும் அப்படியே. அம்மாகூடப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

அதற்கடுத்த ஞாயிறு துணி கையிலிருந்து நழுவி விழுந்தது. வெறுங்கையால் தடவிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றார். விரல் நுனியால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் கீழே இறங்கிப் போனேன், திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று.

"என்னமோ ஒட்டியிருக்கே," என்றார். "என்ன படம்டீ இது?"

அண்ணா, வெயில் அப்படி அடிக்கிறது. கழுதைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கழுதைப்பா என்றேன். அதன் ஓரத்தை இன்னொரு தடவை தடவிவிட்டு, "உன்னை மாதிரியே இருக்கா?" என்று கேட்டார். கண்ணாடி போட்டிருக்கு, உங்களை மாதிரிதான் இருக்கு என்றேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அங்கேயே நின்றபடி சத்தியம் வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு எழுதக்கூடாது. அவன் பாவப்பட்டுத் திரும்பி வரக்கூடாது. வந்தால் அவனாக வரவேண்டும்.

சரி, நான் சத்தியம் செய்தது அப்பாவின் கண்ணைப் பற்றி எழுத மாட்டேன் என்றுதான். ரிவியேராவின் ஹெட்லைட்டுகளைப் பற்றி எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன். இடது விளக்கு அநேகமாகப் போய்விட்டது. வலது விளக்கு எரிகிறது, ஆனால் மழை நனைத்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. சர்க்கரையால் வந்தது என்று சாண்டா ஃபே மெக்கானிக் சொன்னார். வெள்ளைக் கோட்டு போட்ட மெக்கானிக். மாதாமாதம் விளக்குக்குள்ளேயே ஊசி போடுகிறார். போனது திரும்பி வராது, இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்கிறார். எத்தனை நாள் என்று அம்மா கேட்டதற்கு, அடுத்த ஊசிக்கு வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார். நீ புது மோட்டார் வைத்த அந்த ஹெட்லைட் மூடிகள் இப்போதும் சுவிட்சைத் தட்டியதும் மேலும் கீழுமாகப் பிரிந்து நன்றாகத்தான் திறக்கின்றன. எல்லாவற்றுக்கும் உன் மாதிரி ஒரு மெக்கானிக் கிடைப்பதில்லை.

பஸ் வேலையை விட்டது முழங்கால் வலியால் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில் நிறுத்தத்தில் நின்ற பிள்ளையைத் தபால் பெட்டி என்று நினைத்துவிட்டாராம். பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு, வீடு வரைக்கும் நடந்தே வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

இப்போது புரிகிறதா, வண்டி ஏன் விலைக்கு வந்தது என்று? ஓட்ட முடியாத வண்டியைத் துணி போட்டு மூடி வைப்பதற்கு அவருக்கு மனது வரவில்லை. ஓடுற வண்டி ஓடணும் என்கிறார். அவ்வளவுதான். உன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. இல்லை, இருக்கிறது. எங்கே என்று சொல்கிறேன்.

முதலில் வாங்க வந்தவர் சாண்டா ஃபேயில் ஓவியக் கடை வைத்திருக்கிறவர். வண்டியைக் கடைக்கு நடுவில் கயிறு கட்டி நிறுத்தப் போகிறாராம், யாரும் தொடாமல் பார்க்க. ஓட்டவே மாட்டீர்களா என்று அப்பா கேட்டார். ஓவியத்தை ஓட்டுவார்களா என்றார் அவர். டிக்கிக்குள் தலையை விட்டு அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், முன் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என் விரல் தானாக, அடியில் உள்ள பம்புகளால் வண்டியைக் குதிக்க வைக்கிற அந்த சுவிட்சில் பட்டுவிட்டது. பின்பக்கம் ஒரு முழம் எம்பிக் குதித்து இறங்கியது. ஆளுக்கு அடி ஒன்றும் இல்லை. தொப்பி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. ஓவியத்துக்கு உயிர் இருக்கு சார் என்றேன். அப்பா என்னைத் திட்டினார், ஆனால் திட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு திட்டினார்.

இரண்டாவது ஆள் ஃபீனிக்ஸிலிருந்து வந்தார். இவர் விஷயம் தெரிந்தவர். இஸ்திரி போட்ட ஜீன்ஸ். வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்க்க, குச்சியில் கட்டிய கண்ணாடி ஒன்றுகூடக் கையோடு கொண்டுவந்திருந்தார். உடம்பு அருமை, சிவப்பு அருமை, சீட்டு அருமை என்று பாராட்டிக்கொண்டே வந்தவர், பானெட்டைத் திறந்ததும் பல்வலி வந்த மாதிரி ஆனார். புது எஞ்சின், புது பிரேக், ஏசி எல்லாவற்றையும் விரலால் சுட்டிச் சுட்டித் தலையை ஆட்டினார். இப்படிப்பட்ட வண்டியை எவனோ ஒரு பொடியன் கெடுத்து வைத்திருக்கிறான் என்றார். பரவாயில்லை, நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தக் காலத்து எஞ்சினையே தேடிப் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், இந்த ஆள் சொன்னதையெல்லாம் வார்த்தை மாறாமல் அப்பாவே அன்றைக்கு உன்னிடம் சொன்னார். நான் அடுத்து வரப்போகிறதை எண்ணி நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கழட்டுறதா இருந்தா வண்டி இல்லீங்க," என்றார் அப்பா.

வாங்கின பிறகு அது என் வண்டிதானே, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்வேன் என்றார் அந்த ஆள். அதான் இன்னும் விக்கலையே என்றார் அப்பா. அந்த ஆள் சிரித்துக்கொண்டே, என்ன பெரியவரே, யார் போட்டது இந்த எஞ்சின், உங்களுக்கு என்ன உறவா என்று கேட்டார்.

அப்பா பானெட்டை மெதுவாக இறக்கி, கையாலேயே அழுத்தி மூடினார். "என் மகன் போட்டது. போட்டதுக்கு நான் அவனை ஒரு வார்த்தை நல்லா சொன்னதில்லை. ஆனா இதுவரைக்கும் ஒரு நாள்கூட இது என்னை வழியில நிறுத்தினதில்லைங்க. நீங்க கிளம்புங்க."

அவர் போன பிறகு என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கதவில் சாய்ந்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், பூசையில் சாமியார் பேசுவதைக்கூட அவ்வளவு நேரம் கேட்டதில்லை. பழையது இருமிக்கிட்டே எழும், இது பாரு, தூங்கி எழுந்த பூனை மாதிரி இருக்கு என்றார். அப்புறம் நினைவு வந்தவராக, "உங்க அண்ணன்கிட்ட சொல்லிராதடீ, தலைக்கனம் வந்துரும்," என்றார். ஆக, உனக்கு நான் எழுதக்கூடாத விஷயங்களில் இது இரண்டாவது.

மூன்றாவதாக வந்தவர்கள் கொலராடோவில் பியூப்ளோ ஊரிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும். குறை சொல்லவே முடியாத நல்ல ஜனங்கள், அதுதான் பிரச்சினை. நானும் எவ்வளவோ குறை தேடினேன். அந்த அம்மாள்தான் ஓட்டப் போகிறாராம். ஏசி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். எதையும் மாற்ற மாட்டோம் என்றார். சுவிட்சைத் தட்டினேன், வண்டி குதித்தது, அந்த அம்மாள் கை தட்டிச் சிரித்து இன்னொரு தடவை கேட்டார். என் ஆயுதம் எனக்கே எதிரியாகிவிட்டது. அப்பா விலை பேசிக் கை கொடுத்துவிட்டார். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை இழுவை வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் கடிதத்தின் சாரம். இதற்கு முன்னால் படித்ததெல்லாம் மசாலா.

போன வாரம் டிராங்கி மாமா ஸ்குரூ டிரைவரோடு வந்தார், பின் கண்ணாடியில் இருக்கிற நம் கார் கிளப்பின் பெயர்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு போக. வண்டியை விற்கலாம், தகட்டை விற்க முடியாது, அது கிளப்புடையது என்று கிளப் தலைவராக அவர் பேசவேண்டிய சட்டத்தைப் பேசினார். அப்பா தலையை ஆட்டினார். ஆனால் ஸ்குரூ டிரைவரை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரிய வெள்ளி கழியட்டும் டிராங்கி, அப்புறம் எடுத்துக்க என்றார். மாமாவுக்கு எதுவும் தெரியாது. ஓஹோ, கிளப் வண்டிகளோட கடைசியா ஒரு ஊர்வலம் ஓட்டணும்னு ஆசையா என்று கேட்டார். அப்பா சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அப்பாவால் ஓட்ட முடியாது. சிமாயோ கோயிலுக்குப் போகிற சாலையில் பெரிய வெள்ளி அன்று எவ்வளவு ஜனம் நடக்கும், குழந்தைகள், சிலுவை தூக்கினவர்கள், தள்ளு நாற்காலிகள். பஸ் சாவியைத் தானே கொடுத்துவிட்டு வந்தவர் அந்தக் கூட்டத்தில் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு இன்னும் பழகுநர் உரிமம்தான், கிளப்பில் அது செல்லாது என்று மாமா சிரித்தார். அம்மா அந்த வண்டியின் நீளத்தைப் பார்த்தாலே மாதாவைக் கூப்பிடுகிறாள்.

கிளப் சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது, உனக்கும் தெரியும். தகப்பன் வண்டியை மகன் பெரிய வெள்ளி ஊர்வலத்தில் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினால், தகடு அவன் பேருக்கு மாறும். வண்டி குடும்பத்திலேயே நிற்கும். அதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஸ்குரூ டிரைவர் இன்னும் அந்தச் சட்டைப் பையில்தான் இருக்கிறது. துவைக்கப் போட்டபோதுகூட எடுத்து வேறு சட்டைக்கு மாற்றிக்கொண்டார்.

பியூப்ளோ அம்மாளுக்கு நான் போன் பண்ணிவிட்டேன். திட்டாதே. நடந்ததை அப்படியே சொன்னேன். உங்க அண்ணன் வெள்ளிக்கிழமை வந்து வண்டியில் உட்கார்ந்தால் நாங்கள் திங்கட்கிழமை வரமாட்டோம், கை கொடுத்துப் பேசிய பேச்சை உங்கப்பா திருப்பி எடுத்துக்கொள்ளட்டும் என்றார். வரவில்லை என்றால் வந்து ஏற்றிக்கொள்வோம், நல்லபடியாக வைத்துக்கொள்வோம் என்றார். நல்லவர்களிடம் மாட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் பார்.

அம்மா சிமாயோ கோயில் மண்ணைக் கொண்டுவந்து, தண்ணீரில் குழைத்து, படுக்கப் போகும் முன் அப்பாவின் இமையில் தடவிவிடுகிறாள். இந்த மண் வைத்தியத்தையெல்லாம் அவர் எப்படிக் கிண்டல் செய்வார் என்று உனக்குத் தெரியும். இப்போது முகத்தை நீட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான், அண்ணா. வேறு எதற்கும் நான் பயப்படவில்லை.

விமானம் ஆல்புகர்க்கியில் இறங்கும் நேரத்தை மட்டும் சொல். ரெனால்டோ வந்து கூட்டிக்கொண்டு வருவான். உனக்குக் காரணம் தப்பாகச் சொன்னதற்கு அவனுக்கு இது தண்டனை. அப்பாவிடம் நான் எழுதினேன் என்று சொல்லாதே. நீயாக வந்தாய். மீன் அலுத்துவிட்டது, பச்சை மிளகாய்க் குழம்பு நினைவு வந்துவிட்டது, வந்துவிட்டேன் என்று சொல். எது சொன்னாலும் நம்புகிற நிலையில்தான் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. படகுத்துறையில் நின்று நீ எடுத்துப் போட்ட படத்தைப் போன வாரம் அம்மா அப்பாவிடம் காட்டினாள். மார்பு வரைக்கும் தாடி, கம்பளித் தொப்பி. அப்பா போனை ஜன்னல் ஓரம் கொண்டுபோய், மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் யாரு இது, அவன்கூட வேலை பார்க்கிற பையனா என்று கேட்டார். அம்மாவும் நானும் பெரிய பகடி கேட்ட மாதிரி சிரித்துவிட்டோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அதனால், வரும்போது தாடியை எடுத்துவிட்டு வா, அண்ணா. தொப்பி வேண்டாம். இங்கிருந்து போனபோது எந்த முகத்தோடு போனாயோ அந்த முகத்தோடு வா. வாசலில் நின்று கூப்பிடாதே. பகலில், வெயில் உன் முகத்தில் விழுகிற மாதிரி, அவருக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நில்.

போகிற வழியெல்லாம் மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் வருகையை எதிர்பார்த்து, உனக்குப் பிடிக்காத ஆனால் வேறு வழியில்லாத தங்கை,
லூர்தெஸ்